மியூனிக்கில் பெண் கேட்டது

அன்றைக்கு அந்த மேசையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று ரயிலிலேயே இருசம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, ஏரோப்ளேன் ஏறி இம்புட்டுத் தூரம் வந்து பட்டினி கெடக்கவா? அவுங்க வூட்டுக்கா போறோம்? ஓட்டலுக்குத்தானே. ஓட்டல்ல யாரு வேணா திங்கலாம்" என்றாள்.

"வாங்கித் தரப்போறது யாரு? மாப்ள வூட்டுக்காரரு. அப்ப அது அவுரு வூட்டுச் சோறுதான்."

"மாப்ளன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்களே" என்று சிரித்தாள். எதிர் சீட்டில் இருந்த மஞ்சு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, "என்னம்மா?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. உங்கப்பாவுக்குப் பசி இல்லியாம்."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுகிற இடத்தில் பேச்சு முடியும்வரை கை நனைக்க மாட்டோம். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் கேட்டு வரவேண்டும். அவர்கள் கேட்டு, நாங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் இலை போடுவது. இது ஒன்றும் சாஸ்திரம் இல்லை. பின்னால் ஒரு சண்டை வந்தால் யாரை யார் தேடி வந்தார்கள் என்று சொல்ல நாலு பேர் வேண்டும், அவ்வளவுதான்.

இதை நான் ஒரு தரம் விட்டுக்கொடுத்தேன். மூத்தவள் அம்பிகாவுக்கு அரியலூர் பக்கம் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகச் சொன்னார்கள். சிமெண்டு லாரி ஓட்டுகிறவன். மெத்தை வீடு, கறவை மாடு ரெண்டு. நானோ எறையூர் ஆலைக்கு முப்பது வருஷம் கரும்பு வெட்டினவன். நல்ல இடம் கைநழுவிப் போய்விடுமோ என்கிற பயத்தில், அவர்கள் வருவதற்கு முன்னால் நானே தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். மூன்றாம் தரம் கறிச்சோறு போட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம், குழம்பில் உப்புக் குறைந்தாலும் சரி, மாடு பால் சுரக்காவிட்டாலும் சரி, அந்த வீட்டில் அம்பிகாவுக்குக் கிடைத்த பேச்சு ஒன்றுதான். "நாங்களா வந்து கேட்டோம்? உங்கப்பன்தானே தட்டத் தூக்கிக்கிட்டு வந்து தின்னுட்டுப் போனான்." ஒருநாள் அவள் துணிப்பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். இப்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மஞ்சு இளையவள். பெரம்பலூரில் இஞ்சினியரிங் முடித்து, மேல்படிப்புக்கு ஜெர்மனி போய், அங்கேயே வேலையில் நின்றுவிட்டாள். கூட வேலை பார்க்கிற லூக்காஸ் என்ற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. "அவுங்கப்பா அம்மாவ நம்மூருக்கு வந்து கேக்கச் சொல்லு" என்றேன். பையனின் அப்பாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான் ஆகிறது, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். விசாவுக்கு அலைந்து, டிக்கெட்டும் அனுப்பிவிட்டாள். மறுபடியும் நானேதான் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. பெண்ணைப் பார்க்கத்தான் போகிறேன், பெண்ணைக் கொடுக்கப் போகவில்லை என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டுதான் திருச்சியில் விமானம் ஏறினேன்.

அவர்கள் சாப்பிட அழைத்திருந்தது மியூனிக் டவுனில் ஒரு பழைய பீர் மண்டபம். நம்மூர்க் கல்யாண மண்டபம் மூன்றைச் சேர்த்துக் கட்டின மாதிரி இருந்தது. மேலே வளைவு வளைவாகக் கூரை. கீழே நீள நீளப் பலகை மேசைகள், ஒவ்வொன்றிலும் இருபது பேர். யார் பக்கத்தில் யார் என்று இல்லை. இடம் இருந்தால் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒரு மூலையில் தோல் அரைக்கால் சட்டை போட்ட நாலு பேர் பித்தளைக் குழல் ஊதினார்கள். ஒரு பெண் கைக்கு ஐந்தாகப் பத்துக் கண்ணாடிச் சாடி பீரைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். சாடிக்கு ஒரு லிட்டராம். கரும்புக் கட்டு தூக்கின எனக்கே அந்த மணிக்கட்டைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

மண்டபத்தைத் தாண்டிப் பின்பக்கம் போனால் தோட்டம். பெரிய பெரிய மரங்கள், கீழே சரளைக் கல், அங்கேயும் அதே நீள மேசைகள். ஒரு மேசையின் பாதியில் லூக்காஸும் அவன் அப்பா அம்மாவும் இருந்தார்கள். மறுபாதியில் ஒரு வயதான புருஷன் பெண்டாட்டி, காலடியில் ஒரு குட்டை நாய்.

லூக்காஸ் எழுந்து, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றான். மஞ்சு சொல்லிக்கொடுத்தது. அவனுக்கு ஒரு இருபது தமிழ் வார்த்தை இருக்கும். அப்பா பெயர் யோசெஃப். கூரைக்கு ஓடு வேய்கிற வேலை பார்த்து ஓய்ந்தவர். ஊன்றுகோலைப் பிடித்துப் பாதி எழுந்து கை கொடுத்தார். அம்மா ரெனாட்டே இருசம்மாளைக் கட்டிக்கொண்டார். இருசம்மாளுக்குக் கூச்சத்தில் முந்தானை நழுவிவிட்டது.

ரெனாட்டே ஒரு கூடையைத் திறந்து ரொட்டி, பாலாடைக்கட்டி, சுருள் சுருளாகச் சீவிய வெள்ளை முள்ளங்கி என்று எடுத்து வைத்தார்.

"ஏங்க, இவுங்களும் கட்டுச்சோறு கொண்டாந்திருக்காங்க பாருங்க" என்றாள் இருசம்மாள்.

"தோட்டத்துல அப்படித்தாம்மா" என்றாள் மஞ்சு. "பீரு மட்டும் இங்க வாங்கணும். சாப்பாடு வூட்லேர்ந்து கொண்டாரலாம். இந்த ஊரு பழைய வழக்கம்."

லூக்காஸ் உள்ளே போய்த் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தான். மொறுமொறுவென்று தோல் வெடித்த பன்றிக்கால், உருளைக்கிழங்கு உருண்டை, புளித்த முட்டைக்கோஸ், உப்புக்கல் தூவி முறுக்கிப் பின்னிய பெரிய ரொட்டி. பன்றிக்கறி நாங்கள் தின்னாத பொருள் இல்லை. என் முன்னால் ஒரு சாடி பீரும் வந்தது. அதை அப்படியே நடுமேசைக்கு நகர்த்திவிட்டு, மஞ்சுவின் வீட்டில் பிடித்து வந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன்.

யோசெஃப் ஏதோ கேட்டார். "பீரு புடிக்கலியா, வேற வேணுமான்னு கேக்கறாரு" என்றாள் மஞ்சு.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லு."

லூக்காஸ் போய்க் கோழி கொண்டுவந்தான். நான் தொடவில்லை. மீன் வந்தது. தொடவில்லை. பிறகு ஆப்பிள் வைத்துச் சுருட்டின ஏதோ பலகாரம். மேசையில் இடம் போதாமல் பக்கத்துக் கிழவர் தன் சாடியைக் கையில் எடுத்துக்கொண்டார். யோசெஃப் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மஞ்சு பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில், "அப்பா, என்ன இது? மானத்த வாங்காதீங்க. ஒரு வாயாவது எடுத்து வைங்க" என்றாள்.

"கேக்கட்டும். அப்பறம் திங்கறேன்."

"என்ன கேக்கணும்?"

"பொண்ணு கேக்கணும்."

"ஐயோ! இங்க யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்கப்பா. நானும் லூக்காஸும் பேசி முடிவு பண்ணியாச்சு. அவுங்களுக்கு இதுல கேக்க என்ன இருக்கு?"

"உங்களுக்கு வயசு இருக்கு, முடிவு பண்ணிட்டீங்க. எனக்கு ஒரு வாசல் இருக்கும்மா. அந்த வாசலுக்கு வந்துதான் கேக்க முடியல. இந்த மேசையிலயாவது கேக்கட்டும்."

"நான் இத மொழிபெயர்க்க மாட்டேன்."

"பேர்க்காத. நான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தேன். கரும்புக் காட்டில் மத்தியான வெயிலில் வெறும் வயிற்றோடு வெட்டியிருக்கிறேன். நிழலில் பலகையில் உட்காருவது எனக்கு ஒரு பாடா?

அப்போது மஞ்சுவின் போன் அடித்தது. எறையூரிலிருந்து வீடியோ கால். அங்கே சாயந்திரம் நாலரை மணி இருக்கும். திரையில் இருசம்மாளின் தம்பி அய்யாக்கண்ணுவின் முகம் நெற்றியும் ஒரு கண்ணுமாகத் தெரிந்தது. என் பெண்களுக்குத் தாய்மாமன் அவன். விட மாட்டான்.

"மாமா, கேட்டாங்களா இல்லியா?"

"இன்னும் இல்ல மாப்ள."

"அப்ப கை நனைக்காதீங்க! நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். கலியம்மா சித்தி வந்திருக்கு, அம்பிகா இருக்கு. எக்கா, நீ தின்னுட்டியா?"

"உம் மாமா என்னைத் திங்க விடுவாரா?" என்றாள் இருசம்மாள்.

மஞ்சு போனைப் பிடுங்கப் பார்த்தாள். அதற்குள் லூக்காஸ், "மாமா! வணக்கம்!" என்று அதை வாங்கி ஒரு பீர் சாடியில் சாய்த்து நிறுத்திவிட்டான். இப்போது எறையூரும் மேசையில் உட்கார்ந்துகொண்டது.

இருசம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தன் பைக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். புளிச்சோறு. மேலே வேர்க்கடலை, வறுத்த மிளகாய்.

"உங்க பிடிவாதம் தெரிஞ்சுதான் விடியக்காலம் எழுந்து கிண்டுனேன். நம்ம சோத்த நாம தின்னலாம்ல? அதுக்குமா கேக்கணும்?"

அதில் நான் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மூடியைத் திறந்ததும் புளிக்காய்ச்சல் வாசனை எழும்பி, ரெனாட்டே எட்டிப் பார்த்தார். எதிரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தனியாகத் தின்கிற பழக்கம் இருசம்மாளுக்கு வராது. நான் "ஏய்" என்பதற்குள் யோசெஃபின் தட்டில் இரண்டு கரண்டி வைத்துவிட்டாள்.

கையால் அள்ளவேண்டும் என்று லூக்காஸ் விரலைக் குவித்துக் காட்டினான். யோசெஃப் முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, விரலால் அள்ளி வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. தலையை ஆட்டினார். இன்னொரு வாய் அள்ளினார்.

போனிலிருந்து அய்யாக்கண்ணு கத்தினான். "கை நனைச்சுட்டாரு! மாப்ள வூட்டுக்காரரு நம்ம சோத்துல கை நனைச்சுட்டாரு! சித்தி, பாத்தீல்ல? நான் பாத்தேன்! மாமா, முடிஞ்சது, நீங்க சாப்புடுங்க!"

அந்தப் பக்கம் கலியம்மாள் சித்தி குலவை போட ஆரம்பித்துவிட்டாள். பக்கத்துக் குட்டை நாய் பயந்து குரைத்தது. அந்தக் கிழவர் என்ன விசேஷம் என்று லூக்காஸைக் கேட்டார். இருசம்மாள் என் பக்கம் திரும்பி, "நல்லதாப் போச்சுங்க. முறைக்கு முறையும் ஆச்சு. இந்தக் கறித்தட்டக் கொஞ்சம் இப்படி நகத்துங்க" என்றாள்.

எனக்கும் கை போனது. பொய் சொல்லவில்லை. விரல் தட்டின் விளிம்பில் பட்டுவிட்டது. ஆனால் யோசெஃபைப் பார்த்தேன். மீசையில் ஒரு பருக்கையோடு, ஒன்றும் தெரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துக்கொண்டேன்.

"இது செல்லாது அய்யாக்கண்ணு."

"ஏன் மாமா? ஊரு அறியத் தின்னாரே!"

"தெரியாம தின்னாரு. தெரியாம தின்ன ஆள மடக்கி அதுல ஒரு பொண்ணக் குடித்தனம் வைக்கறதா? நாளைக்கு நாங்க எங்க கேட்டோம், புளிச்சோறு நல்லா இருந்துச்சு தின்னோம்னு சொன்னா என்ன பண்ணுவ? சித்தி, குலவைய நிறுத்து."

குலவை நின்றது. மஞ்சு என்னைப் பார்த்தாள். கோபம்தான், ஆனால் முன்பு இருந்த கோபம் இல்லை.

"இப்ப மொழிபெயர்த்துத்தான் ஆவணும் மஞ்சு. அவுரு என்ன தின்னாருன்னு அவுருக்குத் தெரியணும்ல."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் சம்பந்தம், கை நனைப்பது, நான் ஏன் பட்டினி என்பதெல்லாம். யோசெஃப் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் கிழவரும் சிரித்தார்.

"அவுங்க ரெண்டு பேரும் பெரியவங்க, முடிவு பண்ணிட்டாங்க. கேக்கறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்குன்னு கேக்கறாருப்பா" என்றாள் மஞ்சு.

"அம்பிகா சேதியச் சொல்லு."

மஞ்சு திரும்பிப் போனைப் பார்த்தாள். திரையில் அய்யாக்கண்ணுவை நகர்த்திவிட்டு அம்பிகா வந்திருந்தாள். கடைக்குப் போகிற அதே நீலச் சுடிதார். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வேறு உடுப்பு இல்லை.

"சொல்லு மஞ்சு. எனக்கு அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. சொன்னவங்கதான் வெக்கப்படணும்" என்றாள்.

மஞ்சு சொன்னாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் மூன்று விரலை நீட்டிக் காட்டியபோது நான் தட்டோடு போன மூன்று தரம் அது என்று தெரிந்தது. குரல் ஒரு இடத்தில் இறங்கியபோது எந்தப் பேச்சைச் சொல்கிறாள் என்பதும் தெரிந்தது. யோசெஃப் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். ரெனாட்டே கணவரிடம் மெதுவாக, ஆனால் கடுமையாக ஏதோ சொன்னார்.

"என்ன வார்த்தை சொல்லணும்னு கேக்கறாங்க" என்றாள் மஞ்சு.

"உங்க பொண்ண எங்க வூட்டுக்குக் குடுங்கன்னு."

"நான் என்ன குடுக்கற வாங்கற பொருளாப்பா?"

அவள் கேட்டது சரிதான். அம்பிகாவை அப்படித்தான் தட்டில் வைத்த மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சரி. குடுங்கன்னு வேணாம். எங்களுக்கு இந்தப் பொண்ணு வேணும்னு சொல்லட்டும். நல்லா இருந்தாலும் சண்ட வந்தாலும், வேணும்னு சொன்னது நாங்கதான்னு அவுங்க வாயால சொல்லட்டும். அது போதும்."

மஞ்சு வாயைத் திறந்ததும் அய்யாக்கண்ணு குறுக்கே வந்தான். "இரு இரு. பொண்ணே தனக்குத் தானே பொண்ணு கேக்குமா? அந்தத் தம்பிய சொல்லச் சொல்லு."

லூக்காஸுக்கு வியர்த்துவிட்டது. மஞ்சு அவனுக்கு விஷயத்தை விளக்கினாள். அவன் அப்பாவிடம் சொன்னான். யோசெஃப் ஊன்றுகோலைத் தேடினார். அது பலகைக்கு அடியில் நாயிடம் கிடந்தது. மகன் பிடிக்க வந்ததும் கையைத் தட்டிவிட்டு, மேசையை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு முழுதாக எழுந்து நின்றார். பார்த்ததும் நானும் எழுந்துவிட்டேன். பக்கத்துக் கிழவரும் காரணம் தெரியாமல் எழுந்தார்.

யோசெஃப் என் கண்ணைப் பார்த்துத் தன் மொழியில் பேசினார். நீளமாகப் பேசவில்லை. முடித்ததும் லூக்காஸ் தன் இருபது வார்த்தைக்குள் தேடிப் பிடித்துச் சொன்னான். "எங்களுக்கு மஞ்சு வேணும், மாமா. நல்ல நாள் வேணும். கெட்ட நாளும் வேணும். நாங்க கேட்டோம்."

இருசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இனிமேலும் என்னங்க?" என்றாள்.

நான் போன் பக்கம் குனிந்தேன். "அம்பிகா, நீ என்னம்மா சொல்ற?" அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான் கேட்காத கேள்வி அது.

"அவுங்கம்மா ஒண்ணும் சொல்லலியேப்பா" என்றாள். "என்னைப் பேசுனது மாமியார்தான். மாமனாரு பேசாமத்தான் இருந்தாரு. அந்தம்மா சொல்லட்டும்."

மஞ்சு தயங்கித் தயங்கி ரெனாட்டேவிடம் அதைச் சொன்னாள். ரெனாட்டே என்னிடம் வரவில்லை. இருசம்மாளிடமும் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, பலகையைச் சுற்றி வந்து, சாடியில் சாய்ந்திருந்த போனுக்கு எதிரில் குனிந்து அம்பிகாவிடமே பேசினார். அம்பிகா ஒரு வார்த்தையும் புரியாமல், கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மொதல்ல கேட்டேன்னு சொல்றாங்கக்கா" என்றாள் மஞ்சு. அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடியே, இந்தப் பொண்ண வூட்டுக்குக் கூட்டிக்கிட்டு வாடான்னு லூக்காஸ்கிட்ட இவுங்கதான் சொன்னாங்களாம். இத எங்கிட்ட யாரும் சொன்னதே இல்ல. சண்ட வந்தா உன்னைத் தனக்குப் போன் பண்ணச் சொல்றாங்க. அப்பவும் நான்தான் கேட்டேன்னு உங்கிட்ட சொல்லுவாங்களாம்."

"என் நம்பர வாங்கிக்கச் சொல்லு" என்றாள் அம்பிகா.

ரெனாட்டே கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். மஞ்சு நம்பரைச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தினார். எறையூரில் அம்பிகாவின் போன் அடித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"சாப்புடுங்கப்பா" என்றாள். "இங்க மணி அஞ்சாவப்போவுது. இன்னும் என்ன பட்டினி?"

யோசெஃப் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தார். நான் சரி என்கிறேனா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. கையைக் கூப்பினேன். பிறகு அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். பன்றிக்கால் ஆறி, கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. இருசம்மாள் அதை ஏற்கெனவே பிய்த்து எங்கள் இரண்டு தட்டிலும் வைத்துவிட்டாள்.

"கை கழுவணுமே, எங்க?" என்று லூக்காஸைக் கேட்டேன். அவன் எழுந்து வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.